ஒரு ஷார்ட்ஸ்டாப்பும் எட்டுப் பேரும்

1981 ஏப்ரல் 18. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாட்டக்கெட் என்ற பழைய மில் ஊர். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு எட்டரை மணி வாக்கில் தொடங்கிய ஒரு பேஸ்பால் ஆட்டம், விடிகாலை நாலு மணி ஆகியும் முடியவில்லை. பேஸ்பாலில் டிரா கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் சமமாக நின்றால் பத்து, பதினொன்று என்று யாராவது முந்தும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஒரு நேரத்துக்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று அந்த லீக்கில் விதி இருந்தது. ஆனால் நடுவர் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் அந்த வரி விட்டுப்போயிருந்தது. குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் கை காய்ந்தார்கள். லீக் தலைவரை ஒருவழியாகப் போனில் பிடித்து, 32 இன்னிங்ஸோடு நிறுத்தியபோது மணி 4:07. கேலரியில் மிச்சமிருந்தவர்கள் 19 பேர்.

மீதி ஆட்டம் ஜூன் 23 அன்று நடந்தது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சியான மேஜர் லீக்கின் வீரர்கள் அப்போது ஸ்ட்ரைக்கில் இருந்தார்கள். எழுத வேறு பேஸ்பால் இல்லாததால் நிருபர்கள் கூட்டமாகப் பாட்டக்கெட்டில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் முடிந்துவிட்டது, பதினெட்டே நிமிடம். 33-ஆவது இன்னிங்ஸில் பாட்டக்கெட்டின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் டேவ் கோசா ஒரு சிங்கிள் அடித்தார், 3-2. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீளமான ஆட்டம் இதுவரை நடந்ததில்லை.

இந்தக் கதையை யார் சொன்னாலும் இரண்டு பெயர்களில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அன்று பாட்டக்கெட்டுக்கு மூன்றாவது பேஸில் நின்றவர் வேட் பாக்ஸ், எதிரணியான ரோச்செஸ்டருக்கு அதே இடத்தில் நின்றவர் கால் ரிப்கன். பாக்ஸ் பிறகு மேஜர் லீக்கில் 3,010 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) அடித்தார். ரிப்கன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் ஆடினார். இருவரும் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஆட்டத்தை முடித்துவைத்த கோசா மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்தித்ததில்லை.

எனக்குக் கோசாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அன்று பாட்டக்கெட்டும் ரோச்செஸ்டரும் ஆடியது மைனர் லீக்கில், அதாவது மேஜர் லீக்குக்கு ஆள் தயாரிக்கும் கீழ்ப் படிகளில். அந்த ஏற்பாட்டை அமெரிக்கர்கள் 'பண்ணை' என்கிறார்கள். அந்தப் பண்ணையைப் பற்றி எழுதுகிறவர்கள் விளைச்சலைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பத்தொன்பது வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஒருவன் தேற வேண்டுமென்றால் அவனுக்கு ஆட்டம் வேண்டும். வலைப் பயிற்சி போதாது. வருஷத்துக்கு நூற்றுச் சொச்சம் நிஜ ஆட்டங்கள் வேண்டும். ஆட்டம் என்றால் அவன் எறியும் பந்தைப் பிடிக்க ஃபர்ஸ்ட் பேஸில் ஒருவர், பிட்ச் போட, அதாவது பேட்டருக்குப் பந்து வீச ஒருவர், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடிக்கும் கேட்சர் ஒருவர், எதிரே இன்னும் ஒன்பது பேர். கிளப் நம்புவது ஒருவனையோ இருவரையோதான். மற்றவர்கள் அந்த ஒருவன் ஆடுவதற்காக ஆடுகிறவர்கள். இவர்களுக்குக் கிளப்புகளில் 'ஆர்க் பிளேயர்' என்று பெயர். நம்பப்படுகிறவன் 'ப்ராஸ்பெக்ட்'. ஒரே உடை மாற்றும் அறை, ஒரே பஸ், ஒரே சாப்பாடு. யார் எது என்பது எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டு யாரும் சொல்வதில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடாது. ரஞ்சி அணி எந்த ஐபிஎல் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அது ஜெயிப்பதற்காகத்தான் ஆடுகிறது. இங்கே 30 மேஜர் லீக் கிளப்புகளில் ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, உச்சியில் ட்ரிபிள்-ஏ. அதற்கும் கீழே ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி வளாகங்களுக்குள்ளேயே நடக்கும் லீக்குகள், டொமினிக்கன் குடியரசில் பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கான அகாடமிகள். டிக்கெட் விற்பனை அநேகமாகத் தனி முதலாளி கையில் இருக்கும். வீரர்களும் பயிற்சியாளர்களும் மேலே உள்ள கிளப்பின் ஆட்கள். யார் ஆட வேண்டும், எத்தனை பந்து போட வேண்டும், எப்போது மேலே போக வேண்டும் எல்லாமே அங்கிருந்து வரும் உத்தரவு.

நான் இருப்பது வட கரோலினாவின் டர்ஹாம் பக்கம். ஐடி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. கோடையில் டர்ஹாம் புல்ஸ் ஆட்டத்துக்குப் போவது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. டாம்பா பே ரேஸ் கிளப்பின் ட்ரிபிள்-ஏ அணி அது. இடதுபக்கச் சுவருக்கு மேலே பெரிய மரக் காளை ஒன்று நிற்கும். பேட்டர் அடித்த பந்து காளையில் பட்டால் அவருக்கு ஸ்டேக், கீழே புல்லில் பட்டால் சாலட் என்று பலகையில் எழுதியிருக்கும். ஹோம் ரன் விழுந்தால் காளையின் கண் சிவக்கும், மூக்கிலிருந்து புகை வரும். குழந்தைகள் வருவது அதற்காகத்தான். நானும் முதலில் அதற்காகத்தான் போனேன், மறைப்பானேன்.

ஒரு சாயங்காலம் பிட்ச் போட வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வேகமான பந்து பிரமாதமாக விழுந்தது. ஆனால் இரண்டு பந்துக்கு ஒன்று சேஞ்சப், அதாவது கையின் வேகம் மாறாமல் பந்து மட்டும் மெதுவாக வரும் ரகம். அது அவனுக்குக் கைவரவில்லை. தொங்கிக்கொண்டு வந்தது, வாங்கி அடித்தார்கள். ஒரு டபுள், இன்னொரு டபுள், பிறகு ஒரு ஹோம் ரன். அப்படியும் கேட்சர் மறுபடி அதையே கேட்டார். முப்பதைத் தாண்டிய ஆள், தாடியில் ஒன்றிரண்டு நரை. முகக்கவசத்தைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்துபோனார். பந்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். பையன் சிரித்துவிட்டான். திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி சேஞ்சப்புக்கே கை நீட்டினார்.

பக்கத்து சீட்டில் வருஷம் முழுக்க டிக்கெட் எடுத்து வரும் ஒரு பெரியவர். "ஏன் இப்படி அடி வாங்குகிறான்?" என்று கேட்டேன். இன்றைக்கு அவனுக்கு மேலிடத்து உத்தரவு சேஞ்சப்பாக இருக்கும், ஸ்கோரை யார் பார்க்கிறார்கள் என்றார். கேட்சரைப் பற்றிக் கேட்டபோது தோளைக் குலுக்கினார். "அவரா? பத்து வருஷமாக இந்த லீக்கில் இருக்கிறார். நல்ல மனுஷன்."

அந்தப் பையனின் அடுத்த ஐந்து வருஷத்தை அந்த மனுஷன்தான் உட்கார்ந்து வடிவமைத்துக்கொண்டிருந்தார். சம்பளப் பட்டியலில் அப்படி ஒரு வேலையே கிடையாது.

இந்த முறையைக் கட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. 1920 வாக்கில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கையில் காசில்லாத கிளப். நல்ல மைனர் லீக் ஆட்டக்காரர் யாரையாவது ரிக்கியின் ஆட்கள் கண்டுபிடித்தால், விஷயம் கசிந்து, பணக்காரக் கிளப் ஒன்று கூடுதல் விலை சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விடும். வாங்க முடியாவிட்டால் நாமே வளர்த்துக்கொள்வோம் என்று ரிக்கி சின்ன ஊர் அணிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டார். ஊர் ஊராகத் தேர்வு முகாம் வைத்து, ஓட்டத்தையும் கையின் வலுவையும் பார்த்துக் கொத்துக் கொத்தாகப் பையன்களைச் சேர்த்தார். நூறு பேரைச் சேர்த்தால் அதில் நாலு பேர் தானாக வருவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. 1926-இல் உலகத் தொடர், 1931, 1934, 1942 என்று கோப்பைகள் வரிசையாக வந்தன. தேவைக்கு மேல் விளைந்தவர்களை மற்ற கிளப்புகளுக்கு விற்றார்கள், அந்த விற்பனையில் ரிக்கிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே பையன்கள் மேல் அவருக்கு இருந்த அக்கறையை நான் கொஞ்சம் கழித்துத்தான் பார்ப்பேன்.

அப்போதே இதை எதிர்த்தவர் இருந்தார். பேஸ்பாலின் ஆணையராக இருந்த நீதிபதி கெனசா மவுண்டன் லேண்டிஸுக்கு இந்தப் பண்ணை முறையே பிடிக்காது. ஒரே லீக்கில் மோதும் பல அணிகள் ரகசியமாக ஒரே கிளப்பின் பிடியில் இருப்பதைக் கண்டுபிடித்து, 1938-இல் கார்டினல்ஸ் வசமிருந்த 70-க்கும் மேற்பட்ட வீரர்களை ஒரே உத்தரவில் விடுவித்தார். முறை அதோடு ஒழிந்துவிடவில்லை. மற்ற கிளப்புகளும் ரிக்கியைக் காப்பியடித்தன.

முறையை நான் முழுக்கத் திட்டவும் மாட்டேன், ஸ்டான் மியூசியல் கதை அதற்குத் தடையாக நிற்கிறது. பென்சில்வேனியாவின் ஆலை ஊர் ஒன்றிலிருந்து பிட்சராகச் சேர்ந்த பையன் அவர். 1940-இல் அன்றைய கடைசிப் படியான டி வகுப்பில், ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் ஆடிக்கொண்டிருந்தபோது, பாய்ந்து பந்து பிடிக்கப் போய் இடது தோளில் விழுந்தார். அந்தத் தோள் பிட்ச் போடத்தான் அவரை எடுத்திருந்தார்கள். கல்யாணம் ஆகி மனைவி கர்ப்பமாக இருந்த வருஷம் அது, கையில் காசும் இல்லை. அணியின் மேனேஜர் டிக்கி கெர் இருவரையும் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். மட்டை இருக்கிறதே, அதைப் பார் என்று தைரியம் சொன்னார். அடுத்த வருஷம் சி வகுப்பில் வெறும் பேட்டராகத் தொடங்கிய மியூசியல், அதே செப்டம்பரில் மேஜர் லீக்கில் அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் 3,630 ஹிட். மகனுக்குக் கெரின் பெயரையே வைத்தார். பின்னாளில் கெர் தம்பதிக்கு ஒரு வீடும் வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கெர் யார் தெரியுமா? 1919 உலகத் தொடரில் சிகாகோ அணியில் சிலர் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றபோது, அவர்களுக்கு நடுவே நேர்மையாகப் பிட்ச் போட்டு இரண்டு ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் இருபது வருஷம் கழித்து ஒரு கடற்கரை ஊரில் பையன்களை மேய்த்துக்கொண்டிருந்தார்.

வளர்ப்பு என்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ராய் ஹாலடே. டொராண்டோ புளூ ஜேஸ் அவரை 1995 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், முதல் சுற்றில் எடுத்தது. ஆள் ஆறடி ஆறங்குலம், பந்து மணிக்கு நூறு மைலை நெருங்கும் வேகம். 2000-ஆம் ஆண்டு மேஜர் லீக்கில் அவர் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 10.64 ரன். குறைந்தது 50 இன்னிங்ஸ் போட்டவர்களில் ஒரு சீசனில் அவ்வளவு மோசமாகப் போட்டவர் யாருமில்லை. 2001 வசந்தத்தில் அவரை ட்ரிபிள்-ஏவுக்கு அல்ல, நேராக ஹை-ஏ படியில் இருந்த டனீடனுக்கு இறக்கிவிட்டார்கள். மேஜர் லீக்கில் ஆடியவனை அவ்வளவு கீழே அனுப்புவது ஊரறிய அவமானம்.

மெல் குவீன் என்ற பழைய பிட்சிங் கோச்சிடம் ஒப்படைத்தார்கள். தலைக்கு மேலிருந்து செங்குத்தாகப் பந்தை இறக்குவதுதான் ஹாலடேயின் வழக்கம். அப்படி வரும் பந்து வேகமாக இருந்தாலும் நேராக வரும், பேட்டர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். குவீன் கையைச் சற்றுத் தாழ்த்திப் பக்கவாட்டாக வீசச் சொன்னார். பந்து கடைசி நேரத்தில் விலகவும் அமிழவும் தொடங்கியது. மனசிலும் வேலை நடந்தது. குவீன் வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தார். டனீடனிலிருந்து டபுள்-ஏ, அங்கிருந்து ட்ரிபிள்-ஏ, ஜூலையில் திரும்ப டொராண்டோ. 2003-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2010-இல் இன்னொன்று. அதே 2010 மே மாதம் பிலடெல்ஃபியாவுக்காக ஒரு பேட்டரைக்கூட பேஸ் தொடவிடாமல் முழு ஆட்டம், அக்டோபரில் பிளேஆஃபில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காத இன்னொரு ஆட்டம்.

யோசித்துப் பாருங்கள். டனீடனில் ஹாலடே புதுக் கையைப் பழகியபோது எதிரே மட்டையோடு நின்றவர்கள் யார்? ஹை-ஏ பையன்கள். அவர்கள் நின்றதால்தான் பந்து விலகுகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது.

இவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். 2020 வரை சிங்கிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 290 டாலர், டபுள்-ஏவில் 350, ட்ரிபிள்-ஏவில் 502. அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளமே கிடையாது. இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்தாறு பேர், காற்றடித்த மெத்தையில் தரையில் படுக்கை. வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில் யாராவது ரசிகர் குடும்பம் அடைக்கலம் கொடுக்கும். குளிர்காலத்தில் கிடங்கிலோ கடையிலோ வேலை. 2018 மார்ச்சில் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட செலவின மசோதா ஒன்றுக்குள் ஒரு சின்னப் பிரிவைச் செருகி, குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் மிகுதிநேரப் பாதுகாப்பு இவர்களுக்குப் பொருந்தாது என்று ஆக்கினார்கள். நாட்டின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம் என்று அதற்குப் பெயர். கோடிகளில் புரளும் கிளப்புகளைப் பையன்களின் ஓவர்டைமிலிருந்து காப்பாற்றினார்கள் போலும்.

மாற்றம் உள்ளிருந்துதான் வந்தது. மைனர் லீக்கில் பிட்ச் போட்டு, மேலே போகாமல் நின்று, பிறகு சட்டம் படித்த காரெட் ப்ரோஷஸ் என்பவர், நியாயமான சம்பளம் கேட்டு 2014-இல் தொடங்கிய வழக்கில் முக்கிய வழக்கறிஞர்களில் ஒருவர். 2022-இல் மேஜர் லீக் 185 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதே வருஷம் தங்குமிடத்தைக் கிளப்புகளே ஏற்கத் தொடங்கின. செப்டம்பரில் மைனர் லீக்காரர்கள் யூனியனில் சேர்ந்தார்கள். 2023-இல் முதல் ஒப்பந்தம்: சிங்கிள்-ஏவுக்கு ஆண்டுக்கு 26,200 டாலர், டபுள்-ஏவுக்கு 30,250, ட்ரிபிள்-ஏவுக்கு 35,800. பணக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் வாடகை கட்டி, முட்டையும் கோழியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போகலாம். இருபது வயது உடம்பை வளர்க்கிறோம் என்று கேமராவும் கணினியும் வாங்கிக் குவித்தவர்களுக்குச் சாப்பாடு தோன்ற இவ்வளவு நாளாயிற்று.

சரி, எல்லாம் சுபமா என்றால் இல்லை. சம்பளம் உயர்ந்த அதே வருஷங்களில் இடங்கள் சுருங்கின. 2021-இல் மேஜர் லீக் மைனர் லீக் அமைப்பைத் தன் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்து, இணைப்பு அணிகளை 120 ஆக வெட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் தங்கள் இணைப்பை இழந்தன. டிராஃப்ட் 40 சுற்றிலிருந்து 20 சுற்றானது. 2023 ஒப்பந்தத்தில், ஒரு கிளப் அமெரிக்காவுக்குள் வைத்துக்கொள்ளும் மைனர் லீக் வீரர்களின் உச்ச எண்ணிக்கை 180-லிருந்து 165 ஆகக் குறைய வழிவைத்தார்கள். ரிக்கியின் கணக்குக்கு நேர் எதிர்க் கணக்கு இது. அதிவேகக் கேமரா பந்தின் சுழற்சியை எண்ணிச் சொல்லிவிடும்போது நாலு பேரைக் கண்டுபிடிக்க நூறு பேர் எதற்கு என்று கேட்கிறார்கள். ஆர்க் பிளேயருக்கு நல்ல சம்பளம் கொடுப்பதைவிட ஆர்க் பிளேயரே இல்லாமல் பார்த்துக்கொள்வது சிக்கனம்.

கேள்வி முட்டாள்தனமானது அல்ல. நூறு பேருக்கு நம்பிக்கை காட்டி நாலு பேரை எடுப்பதைவிட ஐம்பது பேருக்கு ஒழுங்காகச் சோறு போடுவது மேல் என்று நானே சில நாள் நினைப்பேன். அப்புறம் மைக் பியாட்ஸா நினைவுக்கு வருவார். 1988 டிராஃப்டில் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அதுவும் அவர் அப்பாவுக்கு, எடுத்த கிளப்பான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மேனேஜர் டாமி லசோர்டா நெருங்கிய சிநேகிதர் என்பதால் கிடைத்த தயவு. ஃபர்ஸ்ட் பேஸில் ஆடியவரைக் கேட்சராக்கிப் பார்ப்போம் என்றார்கள். கேட்சிங் பழக டாட்ஜர்ஸின் டொமினிக்கன் அகாடமிக்குப் போய், ஸ்பானிஷ் பேசும் பையன்களோடு தங்கி ஆடினார். 1993-இல் ஆண்டின் சிறந்த புதுமுகம், 2016-இல் ஹால் ஆஃப் ஃபேம். இன்று டிராஃப்டில் மொத்தமே சுமார் 600 பேரைத்தான் எடுக்கிறார்கள்.

நமக்கு இதில் ஒரு உறவு உண்டு. 2008-இல் ஓர் அமெரிக்க ஏஜென்ட் இந்தியாவில் நடத்திய பந்தெறி போட்டியில் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் இருவர் முன்னுக்கு வந்தார்கள். ஈட்டி எறிகிறவர்கள். அதற்கு முன் பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை. அமெரிக்கா போய்ச் சில மாதப் பயிற்சிக்குப் பிறகு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அது விளம்பரத்துக்குச் செய்தது என்று சிரித்தவர்கள் உண்டு. தினேஷ் 2010-ஓடு திரும்பிவிட்டார். இடது கைக்காரரான ரிங்கு தங்கினார். 2009-இல் ஃப்ளோரிடாவின் பிராடன்டனில் இருந்த அடிப்படி லீக்கில் தொடங்கி ஓர் ஆட்டத்தை ஜெயித்தார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியர் அவர்தான். பிறகு பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ். 2011-இல் சிங்கிள்-ஏ, வெஸ்ட் வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன். அங்கிருந்து முழங்கைக் காயமும் அறுவை சிகிச்சையும் அவரை மேலே விடவில்லை. கடைசியில் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

ஆட்டமே தெரியாத ஒருவர், இருபது வயது வாக்கில் எழுத்துக்கூட்டத் தொடங்கி, மூன்று வருஷத்தில் சிங்கிள்-ஏ பேட்டர்களை அவுட் ஆக்கினார் என்றால் அது அசாதாரணமான முன்னேற்றம். அவரைப் போன்றவரை வைத்துப் பார்க்க அந்த அமைப்பில் அப்போது சும்மா கிடந்த இடம் இருந்தது. 2021 வெட்டில் ஸ்டேட் காலேஜ் அணி ஆடிய லீக்கே கலைக்கப்பட்டது. சார்ல்ஸ்டன் அணியும் மேஜர் லீக் இணைப்பை இழந்தது. ரிங்கு ஏறிய மூன்று படிகளில் இன்று மிச்சமிருப்பது பிராடன்டன் மட்டும்.